அத்தியாயம் 4: எழும் நேரத்தைப் பிடியுங்கள்

நாளை விடிகாலை நாலரை மணிக்கு ரயில். மூன்றரைக்கு எழுந்தால்தான் சரியாக வரும். சீக்கிரம் படுத்துவிடலாம் என்று எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறீர்கள். ஒன்பது ஆகிறது, ஒன்பதரை ஆகிறது. இடப்பக்கம் புரண்டால் மின்விசிறிச் சத்தம், வலப்பக்கம் புரண்டால் அடுத்த வீட்டு சீரியல் வசனம். பதினொன்றுக்கு மேல்தான் கண் அசருகிறது. மறுநாள் பக்கத்து சீட்டுக்காரரிடம், “ரயிலை விட்டுடுவோமோங்கிற டென்ஷன்ல தூக்கமே வரலைங்க” என்கிறீர்கள்.

டென்ஷனுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எந்தக் கவலையும் இல்லாதவரை அதே எட்டரைக்குப் படுக்க வைத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியன் கல்வி நிறுவனத்தில் உளவியலாளர் பெரெட்ஸ் லாவி 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார். இளைஞர்கள் சிலரை ஓர் இரவு முழுக்கக் கண் விழிக்க வைத்தார். மறுநாளை இருபது இருபது நிமிடங்களாக வெட்டினார்: ஏழு நிமிடம் இருட்டறையில் படுத்துத் தூங்க முயல வேண்டும், பதின்மூன்று நிமிடம் எழுந்து வெளியே இருக்க வேண்டும். மறுபடி ஏழு, மறுபடி பதின்மூன்று. இரவெல்லாம் விழித்தவர்கள் எப்போது படுத்தாலும் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? பிற்பகலில் தூங்கினார்கள். இரவு எட்டிலிருந்து பத்து மணிவாக்கில் முடியவில்லை. அதற்குப் பிறகு, அதிக இடைவெளி இல்லாமலே, படுத்ததும் தூங்கிப் போனார்கள். எட்டு முதல் பத்து வரையிலான அந்த நேரத்தைத் தூக்கத்துக்குத் தடை விதிக்கப்பட்ட நேரம் என்றே லாவி குறிப்பிட்டார். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு நம்மை வேண்டுமென்றே விழிப்பில் பிடித்து வைக்கிறது.

ஆகவே ரயிலைப் பிடிக்கப் போகிறவருக்கு என் யோசனை: வழக்கமான நேரத்துக்கே படுங்கள். தூக்கம் குறையத்தான் செய்யும். ரயிலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கொள்ளலாம். எட்டரைக்குப் படுத்துப் புரண்டால் தூக்கமும் வராது, மனசும் நொந்து போகும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரப் போகிறது. தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூக்கத்தை யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழுந்து உட்கார்வதோ நம் கையில் இருக்கிறது, குறைந்தபட்சம் அலாரத்தின் கையிலாவது.

தூக்கம் எப்போது வருகிறது

சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் ஒரு விளக்கம் தந்தார். இன்றும் உறக்க ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தூக்கத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் உறக்கத் தேவை. இது பசி மாதிரி. மாலை ஆறரைக்கு சோபாவில் சாய்ந்து அரைமணி நேரம் தூங்குவது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தட்டு பஜ்ஜி தின்பதற்குச் சமம்.

இரண்டாவது, நீங்கள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தன்பாட்டுக்கு ஓடும் உடல் கடிகாரம். பகல் முழுக்கச் சேர்ந்துவரும் உறக்கத் தேவையை எதிர்த்து நம்மை விழிப்பில் நிறுத்துவது இதுதான். மாலையில் அதன் பிடி உச்சத்தில் இருக்கும்; அதைத்தான் லாவி கண்டார். இரவு ஏற ஏறப் பிடி தளரும். உடல் வெப்பம் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு விடிகாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் வெப்பம் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். இரவு முழுக்க விழித்தவருக்கு அந்த நேரம் கண்ணைச் சுழற்றுவதும், காலை ஒன்பது மணிக்கு ‘பரவாயில்லையே, தெளிவாகத்தான் இருக்கிறேன்’ என்று தோன்றுவதும் இதனால்தான். ஒன்பது மணிக்குள் அவர் தூங்கி எழுந்துவிடவில்லை. கடிகாரம் மட்டும் பகலுக்குள் வந்துவிட்டது.

இந்தக் கடிகாரம் நமக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது வெயிலையும் இருட்டையும் பார்த்து உடம்பு சும்மா பின்தொடர்கிறதா? இந்தக் கேள்வி பழையது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான்-ழாக் தொர்து தெ மேரான் ஒரு தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தார். வெயிலே படாமல் அது பகலில் இலை விரித்து, இரவில் மூடிக்கொண்டிருந்தது. மனிதர்களை இருட்டில் வைத்துப் பார்க்க மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

குகைக்குள் போனவர்கள்

1938 ஜூன் மாதம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியல் கிளைட்மன் தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். இரவும் பகலும் ஒரே இருட்டு, ஒரே குளிர். எலிகள் ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தகர டப்பாக்களுக்குள் நிறுத்தினார்கள். 24 மணி நேர நாளைக் கைவிட்டு, 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ முடியுமா என்பதுதான் சோதனை. 32 நாள் உள்ளே இருந்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடல் வெப்பம் ஒரே வாரத்தில் 28 மணி நேரத்துக்குப் பழகியது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனுடையது கடைசி வரை மசியவில்லை; மேலே எந்த உலகை விட்டு வந்தாரோ அதன் 24 மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

இருவரை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பது கிளைட்மனுக்கும் தெரியும். ஆனால் வழி திறந்துவிட்டது. 1962 கோடையில் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்காராசோன் குகைக்குள் இறங்கி, கடிகாரமே இல்லாமல் இரண்டு மாதம் தனியாக வாழ்ந்தார். தூங்கும்போதும் எழும்போதும் மேலே இருப்பவர்களுக்கு போன் செய்வார். நேரத்தை அவர்கள் குறித்துக்கொள்வார்கள், அவரிடம் சொல்ல மாட்டார்கள். போனில் ஒரு சின்னச் சோதனையும் உண்டு: நொடிக்கு ஒன்று வீதம் ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்தில் எண்ணிவிட்டதாக அவர் நினைத்தார்; மேலே கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. செப்டம்பர் 14ஆம் தேதி வெளியே அழைத்தபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் அவர் மனத்தில் பதிவாகவே இல்லை. ஆனால் போன் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவர் உறங்கி விழித்த சுழற்சி மட்டும் 24 மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக, ஒழுங்காக ஓடியிருந்தது. மனம் நாளைத் தவறவிட்டது, உடம்பு தவறவிடவில்லை.

அதே காலத்தில் ஜெர்மனியின் பவேரியாவில், ஆண்டெக்ஸ் என்ற ஊரில், யூர்கன் அஷோஃபும் ரூட்கர் வேவரும் நிலத்தடியில் வசதியான தனிமை அறைகளே கட்டிவிட்டார்கள். பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் அங்கே வாரக்கணக்கில் தங்கினார்கள். அவர்களுடைய ‘நாள்’ சராசரியாக 25 மணி நேரத்தை ஒட்டி இருந்தது. இந்த 25 என்ற எண் இன்றும் பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது, நம்ப வேண்டாம். அங்கே தங்கியவர்கள் வேண்டியபோது விளக்கு போட்டுக்கொள்ளலாம். ராத்திரி நேரம் என்று உடம்பு நினைக்கும்போது வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும். விளக்கை மங்கலாக்கி, ஹார்வர்டின் சார்ல்ஸ் சைஸ்லர் குழு 1999இல் மறுபடி அளந்தபோது கிடைத்த சராசரி 24 மணி 11 நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். தினமும் சரிசெய்யாமல் விட்டால் இரண்டு வாரத்தில் இரண்டரை மணி நேரம் பிந்திவிடும். விடுமுறையில் பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கும் கல்லூரிப் பையன், மாதக் கடைசியில் விடிகாலை மூன்றுக்குத் தூங்கி மதியம் எழுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் திரைச்சீலையை விலக்கிப் பாருங்கள்.

இந்த ஆராய்ச்சியில் நம் மதுரைக்கும் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் மனிதர்களுக்கான தனிமை அறை ஒன்றை அமைத்து, பெண் தன்னார்வலர்களையும் சேர்த்துச் சோதனைகள் செய்தார். மாதவிடாய்ச் சுழற்சி தினசரி உறக்க-விழிப்புச் சுழற்சியோடு பிணைக்கப்பட்டதல்ல என்று அங்கிருந்து 1991இல் ஒரு கட்டுரை வந்தது. அதற்கும் முன்னால், 1978இல், மாரிமுத்து, சுப்பராஜ் இருவருடனும் அவர் வெளியிட்ட வௌவால் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அந்தி சாய்வதை அது பார்க்க வழியில்லை. ஆனால் சுற்றியிருந்த கூட்டம் மாலையில் வெளியே பறந்து விடிவதற்குள் திரும்புவதை உணர்ந்து, கூண்டு வௌவாலும் அதே நேரத்தில் சுறுசுறுப்பாகி அடங்கியது. கூட்டம் இல்லாத நிலையில் கூண்டு வௌவாலின் நேரம் மெல்ல மெல்ல நழுவிப் போனது.

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் முதல் அதிகாரி. ஆனால் கூட இருப்பவர்களின் நேரமும் சும்மா இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் திமதி மாங்கும் எல்லன் ஃபிராங்கும் மற்ற ஆய்வாளர்களும் 1990இல், ஒருவர் தினமும் முதல் ஆளைச் சந்திப்பது, காபி குடிப்பது, வேலைக்குக் கிளம்புவது போன்றவை எவ்வளவு ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று அளக்க ஓர் அளவுகோலே தயாரித்தார்கள். ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் ‘முன்ன மாதிரி தூக்கம் இல்லை’ என்று சொல்பவர்களுக்கு வயதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஏழரை மணி பஸ் இல்லாமல் போனதும் ஒரு காரணம். அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள்: பால் வாங்கப் போவது, பேரனைப் பள்ளியில் விடுவது, நடைப்பயிற்சிக் கூட்டாளியோடு டீக்கடை, எதுவாகவும் இருக்கலாம். நேரம் மட்டும் மாறக் கூடாது.

காலை வெளிச்சம், ராத்திரி வெளிச்சம்

கடிகாரம் இருப்பது மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு பகுதியில். 1972இல் எலிகளில் அதை அழித்துப் பார்த்தபோது அவற்றின் தினசரி ஒழுங்கே குலைந்தது. அதற்கு வெளிச்சச் செய்தி கொண்டுபோகும் விழித்திரை அணுக்கள் தனி ரகம். உருவம் பார்க்க உதவும் அணுக்களிலிருந்து வேறுபட்ட இவை, நீல ஒளிக்கு அதிகம் மசிபவை. 2002இல்தான் இவை தெளிவாக அடையாளம் காணப்பட்டன. பார்வையற்றவர்களிலும் சிலருக்கு இந்த அணுக்கள் வேலை செய்வதால் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது.

நடைமுறைக்குத் தேவையானது இவ்வளவுதான்: விடிந்த பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும்; அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். மாலையிலும் முன்னிரவிலும் படும் வெளிச்சம் பின்னால் இழுக்கும். விடிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு ட்யூப் லைட்டைப் போடுவதும் பெரும்பாலோருக்குப் பின்னால் இழுக்கும் வேலைதான்.

எவ்வளவு வெளிச்சம்? மேகமூட்டமான காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். நன்கு விளக்குப் போட்ட வீட்டு ஹாலில் சில நூறு லக்ஸ் தாண்டாது. நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடுவதால் வீட்டுக்குள்ளும் ‘நல்ல வெளிச்சம்தானே’ என்று தோன்றும். ஆகவே பேப்பரை ஹாலில் படிக்காமல் மொட்டைமாடியிலோ திண்ணையிலோ படியுங்கள். காபி டம்ளரையும் அங்கேயே கொண்டு போங்கள். இருபது முப்பது நிமிடம் போதும், சூரியனை நேரே பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் சூரியன் உதிப்பது ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கில், ஜனவரிக் கடைசியில் ஆறரையைத் தாண்டி. ஆக ஆறரை, ஏழு மணிக்கு எழுபவருக்கு இங்கே வருஷம் முழுக்க வெளிச்சம் இலவசம். குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும் நாடுகளில் இதற்காகவே பத்தாயிரம் லக்ஸ் விளக்குப் பெட்டி வாங்கி மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள்.

ராத்திரிக்கு செல்போனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் செல்போனின் திரையைவிட அதிலுள்ள சங்கதிதான் பெரிய குற்றவாளி. தலைக்கு மேல் எரியும் இரண்டு வெள்ளை எல்இடி பட்டிகளை யாரும் கவனிப்பதில்லை. ஒன்பது மணிக்கு மேல் அவற்றை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றோடு இருந்து பாருங்கள். படுக்கப் போகும் முன் பாத்ரூமின் பளிச்சென்ற விளக்கடியில் நின்று பல் தேய்ப்பதையும் சற்று முன்கூட்டியே முடித்துவிடலாம்.

காபிக்கு ஒரு பத்தி. விழித்திருக்கையில் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. உறக்கத் தேவை நமக்குத் தெரிய வருவது பெருமளவு அதன் வழியாகத்தான். காஃபீன் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தேவை குறையாது, தெரியாமல் போகும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாலை ஐந்து மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் ஃபில்டர் காபியில் பாதி, பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். ‘நான் காபி குடிச்சிட்டே தூங்குவேன்’ என்பவர்களும் இருக்கிறார்கள். தூங்குவார்கள், ஆழம் குறைந்த தூக்கமாக இருக்கும். கடைசிக் காபியை மதியம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலைக் கடைக்குப் போகிற பழக்கத்தை விட வேண்டாம், போய்ச் சுக்கு மல்லி குடியுங்கள்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். உண்ணாவிட்டாலும் உண்டு. பிற்பகல் இரண்டு மணிவாக்கில் வரும் சொக்கல் கடிகாரத்தின் போக்கிலேயே இருப்பது. சோற்றுச் சாப்பாடு அதைக் கூட்டுகிறது, அவ்வளவே. இருபது நிமிடம், மூன்று மணிக்குள், அலாரம் வைத்துக்கொண்டு என்றால் மதியத் தூக்கத்தில் தவறில்லை. ராத்திரி தூக்கம் வராதவர்கள் மட்டும் அதையும் விட்டுவிட வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

கைக்கடிகாரமும் ஆப்பும் காட்டும் தூக்க வரைபடங்களை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். தூக்கத்தின் கட்டங்களை அறிய மூளை மின்னலைகளையும் கண்ணசைவையும் அளக்க வேண்டும். கிளைட்மனின் மாணவர் யூஜின் அசரின்ஸ்கி, பழைய பதிவு இயந்திரம் ஒன்றைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, எட்டு வயது மகன் ஆர்மண்டின் முகத்தில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தபோதுதான், தூக்கத்தின் நடுவே கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று இருப்பது தெரிய வந்தது. 1953இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் சுமார் தொண்ணூறு நிமிடச் சுழற்சிகள், முன்னிரவில் அதிக ஆழ்ந்த தூக்கம், பின்னிரவில் அதிகக் கனவு என்ற இன்றைய சித்திரம் உருவானது. தொண்ணூறு என்பது சராசரி. ஒரே ஆளுக்கு ஒரே இரவில் எழுபதும் இருக்கும், நூற்றிருபதும் இருக்கும். அதைப் பெருக்கி அலாரம் வைப்பது வீண் வேலை. ஒரு சுழற்சி முடிகையில் லேசாக விழிப்பு வந்து போவது இயல்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘ரெண்டு மணிக்கு ஒரு தடவை முழிச்சுக்கிறேன்’ என்பது நோயல்ல.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்துக் கிடந்த நிமிடங்கள், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், கடைசிக் காபி, மதியத் தூக்கம். காலையில் எழுதுங்கள், உத்தேசமாக எழுதுங்கள். ராத்திரி மணி பார்க்க வேண்டாம். மணி பார்ப்பதே ஒரு வியாதியாகிவிடும். இரண்டு வாரம் போதும்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. மியூனிக் பல்கலைக்கழகத்தின் டில் ரோனபர்க் குழு சொல்லித் தந்தது. வேலை நாளில் 11 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழுகிறீர்கள். தூக்கத்தின் நடுப்புள்ளி 2.30. ஞாயிற்றுக்கிழமை 1 மணிக்குத் தூங்கி 9 மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி 5. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். நமக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள நேர வித்தியாசமும் அதுதான். வாரா வாரம் திங்கட்கிழமை காலை, விமானம் ஏறாமலே, சிங்கப்பூர் நேரத்துக்கு எழுந்து வேலைக்குப் போகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் வித்தியாசத்தைக் கொண்டு வாருங்கள். அதற்கு வழி ஞாயிறும் ஆறரை, ஏழுக்குள் எழுந்துவிடுவது. பாக்கித் தூக்கம் இருந்தால் மதியம் படுக்கலாம்.

பதின்வயதினருக்கு மட்டும் சலுகை உண்டு. பருவமடைந்தது முதல் கடிகாரம் பின்னோக்கி நகர்ந்து, சுமார் இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் திரும்புகிறது. அவர்களை ஒன்பதுக்குப் படுக்கச் சொல்வது பெரியவர்களை ஏழுக்குப் படுக்கச் சொல்வது மாதிரிதான் முடியும். ஐந்து மணி டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

படுக்கையில் விழித்துக் கிடப்பவர்களுக்கு

மாதக்கணக்கில் தூக்கம் வராமல் அவதிப்படுபவர்களுக்கு இரண்டு உளவியலாளர்கள் தந்த முறைகள் இன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு, மாத்திரைக்கு முன்னால் இவ்வகைச் சிகிச்சையைத்தான் முயல வேண்டும் என்று பரிந்துரைத்தது.

முதலாமவர் ரிச்சர்ட் பூட்ஸின், 1972. படுக்கையில் விழித்துக் கிடக்கக் கிடக்க, படுக்கையே விழிப்புக்கான இடமாக மனத்தில் பதிந்துவிடுகிறது என்றார் அவர். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் தூங்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். கண் சொக்கினால் திரும்பி வாருங்கள். எத்தனை முறை ஆனாலும் சரி. காலையில் எழும் நேரம் மட்டும் மாறாது. தனி அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது? பாயில் படுப்பவருக்கு இது சுலபம்: பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் நாற்காலியில் உட்காருங்கள். பழைய வார இதழைப் புரட்டலாம், மறுநாளைக்குப் பூண்டு உரிக்கலாம். வீட்டில் மற்றவர்கள், “ஏன் இந்த நேரத்துல உக்காந்திருக்கே, படு” என்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாமவர் நியூயார்க்கின் ஆர்தர் ஸ்பீல்மன், 1987. அவர் சொன்னது கேட்கும்போது கொடுமையாக இருக்கும்: தூக்கம் வராதவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு கடையில் கணக்கு எழுதும் ஐம்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். பத்து மணிக்குப் படுக்கிறார், பதினொன்றரைக்குத் தூங்குகிறார். இரண்டரைக்கு விழிப்பு, மூன்றரை வரை கடன் கணக்கு மனத்தில் ஓடுகிறது. மறுபடி தூங்கி ஆறுக்கு எழுகிறார். படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம், தூங்கியது ஐந்தரை. ஐந்தரையை எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 69 சதவீதம்.

எழும் நேரம் ஆறு. அதைத் தொடக் கூடாது. தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்பதால் அவர் இனி பன்னிரண்டரைக்குத்தான் படுக்க வேண்டும். முதல் வாரம் பத்து மணிக்கே தலை தொங்கும். அந்தத் தள்ளாட்டம்தான் மருந்து: உறக்கத் தேவை முழுதாகச் சேர்ந்து, கடிகாரத்தின் பிடியும் தளர்ந்த நேரத்தில் படுக்கிறார். படுத்ததும் தூங்குவார், நடு இரவு விழிப்பு சுருங்கும். வாரச் சராசரி 90 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டு வரலாம், அதாவது பன்னிரண்டே கால். 85க்கும் 90க்கும் நடுவில் இருந்தால் அப்படியே விடலாம். 85க்குக் கீழே போனால் பதினைந்து நிமிடம் குறைக்க வேண்டும். ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. இப்படிக் கால் கால் மணியாக ஏறி, பகலில் சோர்வில்லாமல் இருக்கும் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்வது.

வலிப்பு நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சிக்னலில் கண் அசருவது எல்லாம் வேறு நோயின் அடையாளங்கள். அதற்கு எழும் நேரத்தைப் பிடித்து ஆகப் போவது ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கத்துக்கென்று போடும் மெலடோனின் மாத்திரையும் அவரிடம் கேட்டுத்தான். அதை எந்த மணிக்குப் போடுகிறோம் என்பது அளவைப் போலவே முக்கியம்.

‘எனக்கு அஞ்சு மணி நேரமே போதும்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும் ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கின. அவர்களைக் கேட்டால், கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

இரவு ஷிப்ட்

மருத்துவமனை, மில், கால் சென்டர், காவல் பணி என்று இரவில் விழித்திருக்க வேண்டியவர்களிடம் ‘காலை ஆறுக்கு எழுங்கள்’ என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு முழுத் தீர்வு கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் நீக்கவில்லை. சேதத்தைக் குறைக்கத்தான் வழி இருக்கிறது.

ஷிப்ட் மாறி மாறி வருபவர்களுக்கு, மான்செஸ்டரின் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் இருவரும் 1981இல் ஒரு யோசனை சொன்னார்கள். முழுத் தூக்கத்தையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாவிட்டால், நாலு மணி நேரத்தையாவது எல்லா நாளும் ஒரே நேரத்தில் வையுங்கள். மிச்சத்தை வசதிப்படி தூங்கிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை தூங்கும் செவிலியர், விடுமுறை நாளில் விடிகாலை நாலுக்குப் படுத்துப் பன்னிரண்டு வரை தூங்கினால் அந்த எட்டு முதல் பன்னிரண்டு மாறாமல் இருக்கும். குடும்பத்தோடு காலை உணவு சாப்பிட முடியாது என்ற விலை அதற்கு உண்டு.

தூங்கும் அறையின் ஜன்னலில் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டுங்கள். காலிங் பெல்லைக் கழற்றி வையுங்கள். ஷிப்டின் முதல் பாதியில் காபி குடிக்கலாம், பின்பாதியில் வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுக்காதீர்கள். உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருந்து அப்போதுதான் ஏறத் தொடங்குகிறது. ஓய்வறையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவி, தள்ளாட்டம் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

ஷிப்ட் பட்டியல் போடுபவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு தகவல். சைஸ்லரும் உடனிருந்தவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது ஆலையின் ஷிப்ட் முறையை மாற்றிப் பார்த்தார்கள். அங்கே தொழிலாளர்கள் வாரா வாரம் இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பினார்கள். ஒரு பிரிவினருக்கு மாற்றத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக்கினார்கள். 24 மணிக்குச் சற்று மேல் ஓடும் கடிகாரத்துக்குப் பிந்திப் படுப்பது எளிது, முந்திப் படுப்பது கடினம் என்பதே கணக்கு. தொழிலாளர்களின் புகார்கள் குறைந்தன, ஆலையின் உற்பத்தி கூடியது. செலவு என்று பார்த்தால் பட்டியலைத் திருப்பி எழுதும் காகிதம்தான்.